பழைய கேஸ் உள்ளவனுக்கு அப்பீல் போடுவது எப்படி: ஒரு குமாஸ்தா சொல்வது

தீர்ப்பு சொல்லி முடித்ததும் கோர்ட் வராந்தாவில் பெரும்பாலும் ஒரே பேச்சுதான் காதில் விழும். "இவனுக்கு ஏற்கெனவே நாலு கேஸ் இருக்கு, மேல போனாலும் எவன் கேட்பான்?" சில நேரம் அதைச் சொல்வது பெற்ற தகப்பன். சில நேரம் வழக்கு நடத்திய வக்கீலே. தர்மபுரியில் முப்பத்தொரு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கறுப்புக் கோட்டு போடும் தகுதி எனக்குக் கிடையாது. நகல் வாங்குவது, கெடு எண்ணுவது, கட்டு கட்டுவது, சேலம் ஜெயிலுக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுவது, இவைதான் என் வேலை. அப்பீல் ஜெயிப்பதும் தோற்பதும் பாதிக்கு மேல் இந்த வேலைகளில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். வக்கீல்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு வழக்கை வைத்துச் சொல்கிறேன், புரியும். ஆள் தெரியாமல் இருக்கச் சிலதை மாற்றியிருக்கிறேன்.

பாலக்கோடு பக்கத்து அம்மா ஒருவர். தக்காளி மண்டியில் பெட்டி பிரித்துப் போடும் கூலி வேலை. மகனுக்கு இருபத்தொன்பது வயது. ராத்திரி நேரம் ஹைவேயில் ஸ்கூட்டரில் போன தம்பதியை இரண்டு பேர் மறித்து, கத்தியைக் காட்டி, ஐந்து பவுன் தாலிக்கொடியைப் பறித்ததாக வழக்கு. இந்தியத் தண்டனைச் சட்டம் 392 வழிப்பறிக்கு, 397 அதில் ஆயுதம் பயன்படுத்தியதற்கு. பத்து வருஷம் கடுங்காவல், ஐயாயிரம் அபராதம், கட்டாவிட்டால் இன்னும் ஆறு மாதம். அந்த அம்மா எங்கள் ஆபீசுக்கு வந்தபோது தீர்ப்பு வந்து எழுபத்தேழு நாள் ஆகியிருந்தது. முதலில் பார்த்த வக்கீல் "பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம்" என்றே இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டாராம். கையில் ஒரு மஞ்சள் பையும் அதில் ஒரு ஆதார் கார்டும் மட்டும் இருந்தன. தீர்ப்பு நகல்கூட இல்லை.

முதலில் நகல், அப்புறம்தான் மற்றதெல்லாம்

ஜெயில் தண்டனை கொடுத்தால், தீர்ப்பு சொன்ன உடனே தீர்ப்பின் நகல் ஒன்றை எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவனைக் கோர்ட்டில் இப்படித்தான் சொல்வோம்) இலவசமாகக் கொடுக்க வேண்டும். சட்டத்தில் உள்ளது இது. கைதிக்கு நகல் போய்ச் சேருவதும், அப்பீல் போட வழி செய்வதும் அவனுடைய உரிமை என்று 1978-இல் ஹொஸ்கோட் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நடைமுறையில் அந்த நகல் பையனின் சட்டைப்பையிலேயே போலீஸ் வேனில் ஏறிச் சேலம் மத்திய சிறைக்குப் போய்விடும். வீட்டில் இருப்பவர்களுக்குத் தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது.

அதனால் அன்றைக்கே இன்னொரு வேலை செய்யுங்கள். அதே கோர்ட்டின் நகல் பிரிவில் சான்றிட்ட நகலுக்கு ஒரு மனுப் போட்டு வையுங்கள். நகல் கைக்கு வரும்போது அதில் சில தேதிகள் முத்திரையாக இருக்கும்: மனுச் செய்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், தயாரான நாள், கொடுத்த நாள். அப்பீல் கெடுவைக் கணக்குப் போடும்போது நகலுக்காகக் காத்திருந்த நாட்களைக் கழித்துக்கொள்ள இந்த முத்திரைதான் ஆதாரம். கட்டணம் கேட்டு போர்டில் ஒட்டிய பிறகு நீங்கள் பத்து நாள் கழித்துப் போய்க் கட்டினால், அந்தப் பத்து நாள் உங்கள் கணக்கில்தான் விழும். போர்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதற்காகவே குமாஸ்தா என்றொரு பிறவியைக் கடவுள் படைத்தான்.

தீர்ப்பு நகலோடு நிறுத்தாதீர்கள். சாட்சிகளின் வாக்குமூலம், முதல் தகவல் அறிக்கை, மகஜர்கள் (சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதிய பதிவுகள்), குற்றச்சாட்டு வனைந்த தாள், எல்லாமும் வேண்டும். பழைய வக்கீலிடம் கேஸ் கட்டு இருக்கும். பீஸ் பாக்கி என்று சொல்லிச் சிலர் கட்டைத் தர மாட்டார்கள். பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ஆம் வருஷமே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சண்டை போட வேண்டாம். ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொறுமையாகக் கேளுங்கள், பெரும்பாலும் வந்துவிடும். இந்த வழக்கில் வரவில்லை. எல்லாவற்றுக்கும் புதிதாக நகல் மனுப் போட்டோம்.

எங்கே போடுவது, எத்தனை நாளுக்குள்

மாஜிஸ்திரேட் கோர்ட் தண்டனை என்றால் மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல், முப்பது நாள். செஷன்ஸ் நீதிபதியோ கூடுதல் செஷன்ஸ் நீதிபதியோ தண்டித்தால் உயர் நீதிமன்றம், அறுபது நாள். வேறு எந்தக் கோர்ட்டாக இருந்தாலும் ஏழு வருஷத்துக்கு மேல் தண்டனை என்றால் அதுவும் உயர் நீதிமன்றம்தான். உங்கள் ஆளுக்கு நாலு வருஷம் போட்டு, அதே வழக்கில் கூட்டாளிக்கு எட்டு வருஷம் போட்டிருந்தால், உங்கள் ஆளின் அப்பீலும் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் உயர் நீதிமன்றம் என்றால் சென்னை. மதுரைக் கிளைக்குப் போகும் மாவட்டங்கள் வேறு.

நடைமுறைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் மாறியதில் எண்கள் மாறிவிட்டன. அப்பீல் பிரிவு 374 இருந்தது 415 ஆயிற்று. தண்டனை நிறுத்தம் 389 இருந்தது 430 ஆயிற்று. வக்கீல் பழைய எண்ணைச் சொன்னாலும் புது எண்ணைச் சொன்னாலும் குழம்ப வேண்டாம், சரக்கு ஒன்றுதான்.

கெடு தாண்டிவிட்டால்? தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு மனு, கூடவே பிரமாணப் பத்திரம். "உடல்நிலை சரியில்லாததால் தாமதம் ஆனது" என்று ஒற்றை வரியில் எழுதுவதை விட்டொழியுங்கள். தீர்ப்பு நாள் எது, பையனைச் சேலம் கொண்டு போன நாள் எது, அம்மா யாரை எப்போது பார்த்தார், நகல் எப்போது கேட்டார், எப்போது கிடைத்தது, இப்படி நாள் நாளாக எழுத வேண்டும். அந்த அம்மாவுக்குத் தேதி எதுவும் நினைவில்லை. மண்டியில் கூலி போட்ட சின்ன நோட்டு ஒன்று வைத்திருந்தார். வேலைக்குப் போகாத நாளில் கோடு. அந்தக் கோடுகளை வைத்துத்தான் அவர் எந்த நாளில் வக்கீலைப் பார்க்க வந்தார், எந்த நாளில் ஜெயிலுக்குப் போனார் என்று கண்டுபிடித்து எழுதினோம். ஜெயிலில் இருப்பவன் விஷயத்தில் கோர்ட்டுகள் தாமதத்தைக் கொஞ்சம் இரக்கத்தோடுதான் பார்க்கின்றன. ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள்.

காசு இல்லையா

காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் வருஷத்துச் சட்ட சேவைகள் ஆணையச் சட்டம், பிரிவு 12. எத்தனை கேஸ் இருந்தாலும் இது பொருந்தும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அந்தந்த மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். உயர் நீதிமன்றத்தில் தனியாகச் சட்டப் பணிக் குழு இருக்கிறது. போனில் என்றால் 15100.

யாருமே இல்லாதவன் ஜெயிலில் இருந்தபடியே அப்பீல் எழுதிச் சிறை அதிகாரியிடம் கொடுக்கலாம். அவர் அதை உரிய கோர்ட்டுக்கு அனுப்பியாக வேண்டும். ஜெயில் அப்பீல் என்று சொல்வோம். ஒரு தாளில் "நான் குற்றம் செய்யவில்லை, தண்டனையும் அதிகம், எனக்கு வக்கீல் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தாலே கெடுவுக்குள் அப்பீல் போட்டதாகக் கணக்கு ஆகிவிடும். எழுபத்தேழு நாள் வீணாகாமல் இருக்க இந்த ஒரு தாள் போதுமாக இருந்திருக்கும். யாரும் அவனிடம் சொல்லவில்லை.

தனி வக்கீல் வைத்தால் வக்காலத்தில் கைதியின் கையெழுத்து வேண்டும், அதற்குச் சிறை அதிகாரி சான்றொப்பம் போட வேண்டும். தர்மபுரியில் பஸ் ஏறித் தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் போய், அஸ்தம்பட்டியில் மனுப் போட்டுக் காத்திருந்து வாங்கி வருவதற்குள் ஒரு நாள் முழுசாகப் போய்விடும். போகும்போதே வக்காலத்து இரண்டு மூன்று எடுத்துப் போங்கள். அப்பீலுக்கு ஒன்று, தண்டனை நிறுத்த மனுவுக்கு ஒன்று, தாமத மனுவுக்கு ஒன்று. ஒன்றை மட்டும் கொண்டு போய்த் திரும்ப ஓடியவன் நான், அதனால் சொல்கிறேன்.

அந்த ஆறு வழக்குகள்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தண்டனை பற்றிய பத்தியில் நீதிபதி எழுதியிருந்தது இது: "எதிரி மீது ஏற்கெனவே ஆறு வழக்குகள் உள்ளன. எதிரி ஒரு வழக்கமான குற்றவாளி என்பதால் கருணை காட்ட முகாந்திரம் இல்லை." ஸ்டேஷனில் இருந்து கொடுத்த ஒரு பக்கப் பட்டியல்தான் இதற்கு ஆதாரம். வரிசை எண், குற்ற எண், சட்டப் பிரிவு, மூன்று பத்தி. வழக்கு என்ன ஆனது என்ற பத்தியே அதில் இல்லை.

இந்த மாதிரிப் பட்டியல் உங்கள் வீட்டு வழக்கிலும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஒரு நோட்டில் நாலாவது பத்தி போடுங்கள்: முடிவு. ஐந்தாவது பத்தி: முடிவு வந்த தேதி. அப்புறம் கோர்ட் கோர்ட்டாக ஏறி இறங்குங்கள். நான் அரூர், பென்னாகரம், பாலக்கோடு மூன்று இடமும் போனேன். ஈ-கோர்ட்ஸ் தளத்தில் சிலது கிடைத்தது, சிலதுக்கு ஆபீசில் ரிஜிஸ்டரைப் புரட்டச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது.

கிடைத்தது என்ன தெரியுமா? ஆறில் ஒன்று அரூரில் விடுதலை. இரண்டு இன்னும் விசாரணையில். ஒன்று 110 கேஸ், அதாவது கோட்டாட்சியர் முன்னால் நன்னடத்தைக்காக எழுதிக் கொடுக்கும் பிணைப் பத்திரம். அது தண்டனையே கிடையாது. மீதி இரண்டில்தான் தண்டனை. அந்த இரண்டில் ஒன்று, பென்னாகரத்தில் பைக் திருட்டுக்கு இரண்டு வருஷம், இந்த ஹைவே சம்பவம் நடந்த தேதிக்குப் பிறகு வந்த தீர்ப்பு. சம்பவம் நடந்த அன்றைக்கு அவன் மேல் இருந்த தண்டனை ஒன்றே ஒன்று: செல்போன் திருட்டு.

அந்தச் செல்போன் வழக்கும் ஒரு கதை. இருபத்திரண்டு நாள் ரிமாண்டில் இருந்தவனிடம், "ஒத்துக்கோ, இருந்த நாளையே தண்டனையா போட்டு விட்டுடுவாங்க, சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று யாரோ சொல்ல, அவனும் ஒத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். ஒத்துக்கொண்ட வழக்கில் பின்னால் குற்றம் நடக்கவில்லை என்று அப்பீல் போக முடியாது. தண்டனையின் அளவையும் சட்டப்படி செல்லுமா என்பதையும் மட்டும்தான் கேட்க முடியும். அன்றைக்கு லேசாகத் தெரிந்த அந்தக் கையெழுத்து, அடுத்த வழக்கில் முதுகில் ஏறி உட்காரும். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது திருட்டுக்கு இரண்டாம் முறை தண்டனை என்றாலே குறைந்தது ஒரு வருஷம் கடுங்காவல். ஒத்துக்கொள்ளும் முன்னால் ஒரு ராத்திரி யோசிக்கட்டும்.

முந்தைய தண்டனையைக் காட்டிக் கூடுதல் தண்டனை கேட்பதற்குச் சட்டத்தில் முறை இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 75, புதியதில் 13. சொத்து தொடர்பான குற்றங்களில், மூன்று வருஷமோ அதற்கு மேலோ தண்டிக்கக்கூடிய குற்றத்துக்கு முன்பே தண்டனை பெற்றவன், மறுபடி அதே வகைக் குற்றம் செய்தால் ஆயுள் வரையோ பத்து வருஷம் வரையோ போகலாம். ஆனால் அப்படிக் கேட்பதானால் முந்தைய தண்டனை என்ன, எந்தத் தேதி, எந்தக் கோர்ட் என்பதைக் குற்றச்சாட்டிலேயே எழுத வேண்டும். விட்டுப் போயிருந்தால் தண்டனை சொல்லும் முன்பாவது சேர்க்க வேண்டும். இந்த வழக்கில் குற்றவாளி என்று தீர்மானிக்கும் வரை அந்தப் பழசைப் பேச்சில்கூட எடுக்கக் கூடாது. அவன் மறுத்தால் அதைச் சான்றிட்ட நகலோ சிறைச் சான்றோ வைத்து நிரூபிக்க வேண்டும், ஆள் இவன்தான் என்பதையும் சேர்த்து. ஸ்டேஷன் பட்டியல் ஒன்றை நீட்டினால் நிரூபணம் ஆகாது. குற்றச்சாட்டுத் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் பழைய தண்டனை பற்றி ஒரு வரியும் இல்லாமல், தீர்ப்பில் மட்டும் "வழக்கமான குற்றவாளி" என்று வந்திருந்தால், அப்பீலில் அதற்குத் தனிக் காரணம் எழுதச் சொல்லுங்கள்.

குண்டாஸில் உள்ளே போனதையும் சிலர் தண்டனை என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது தடுப்புக் காவல். அதற்கு அப்பீல் கிடையாது, ஆட்கொணர்வு மனுதான். இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

கத்தி யார் கையில்

பழைய வழக்குகளைப் பேசிக்கொண்டே இருந்தால் இந்த வழக்கை மறந்துவிடுவோம். எல்லோருக்கும் நடப்பது இதுதான். பழைய கேஸ் உள்ளவன் என்றாலே சாட்சியம் படிக்கக் கை வராது. நானே அந்தக் கட்டை முதலில் அலட்சியமாகத்தான் புரட்டினேன்.

அ.சா.1, அதாவது அரசுத் தரப்பு முதல் சாட்சி, தாலிக்கொடி பறிகொடுத்த பெண். முதல் விசாரணையில் அவர் சொன்னது: "பைக்கில் வந்தவர்கள் எங்களை மறித்துக் கத்தியைக் காட்டி மிரட்டினார்கள்." குறுக்கு விசாரணையில், மூன்றாவது பக்கத்தின் அடியில், ஒரு வரி: "ஒருவர் கையில்தான் கத்தி இருந்தது. அது யார் என்று என்னால் இப்போது சொல்ல முடியாது." கேட்ட வக்கீல் அதைக் கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வாதத்திலும் சொல்லவில்லை, தீர்ப்பிலும் வரவில்லை.

397 பிரிவில் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருஷம், நீதிபதி நினைத்தாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. ஆனால் அந்தப் பிரிவு ஆயுதத்தைப் பயன்படுத்திய ஆளை மட்டும்தான் கட்டும், கூட நின்றவனைக் கட்டாது. உச்ச நீதிமன்றம் இதை 1975-லேயே சொல்லிவிட்டது. புதுச் சட்டத்தில் 311 ஆக அதே வாசகம் இருக்கிறது. ஆகக் கத்தி யார் கையில் என்று தெரியாவிட்டால் 397 எப்படி நிற்கும்?

இங்கே இன்னொரு கண்ணி. வாக்குமூலம் தமிழில் இருக்கும். உயர் நீதிமன்றத்துக்கு அதை இங்கிலீஷில் பெயர்த்து, டைப் செட் என்று சொல்லும் டைப் அடித்த தொகுப்பாகப் போட வேண்டும். மொழிபெயர்த்த பையன் அந்த வரியை "அவர்கள் கையில் கத்தி இருந்தது" என்று பொருள் வரும்படி அடித்திருந்தான். ஒற்றை ஆளை மரியாதைக்குச் சொல்லும் "ஒருவர்" எது, பன்மையில் வரும் "அவர்கள்" எது என்று ஓடும் வேகத்தில் பார்க்கவில்லை. பத்து வருஷம் அந்த "கள்"ளில் தொங்கிக்கொண்டிருந்தது. டைப் செட் வந்ததும் தமிழ் மூலத்தைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். வக்கீலுக்கு நேரம் இருக்காது. வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் அதை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அடையாள அணிவகுப்பு நடத்தவில்லை, சாட்சி அவனை முதன்முதலில் காட்டியது கோர்ட்டில்தான் என்பது எங்கள் இன்னொரு காரணம். நான் அதைத்தான் பெரிதாக நம்பினேன். எடுபடவில்லை. தாலிக்கொடி அவன் சொன்ன இடத்தில் இருந்து எடுக்கப்பட்டிருந்தது, கிராம நிர்வாக அலுவலர் மகஜர் சாட்சியாக நன்றாக நின்றார். களவு போனது கொஞ்ச நாளில் ஒருவனிடம் கிடைத்தால் கணக்குச் சொல்ல வேண்டியவன் அவன்தான். எல்லாக் காரணமும் ஜெயிக்காது. அதனால்தான் "விடுதலை செய்ய வேண்டும்" என்று கேட்பதோடு, "அப்படிச் செய்யாவிட்டால் பிரிவைக் குறைக்க வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் தண்டனையைக் குறைக்க வேண்டும்" என்று படிப்படியாகக் கேட்டு வைக்க வேண்டும்.

இன்னொரு பயம் எல்லோருக்கும் உண்டு: "அப்பீல் போனா தண்டனையைக் கூட்டிடுவாங்களோ?" தண்டிக்கப்பட்டவன் போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்ட முடியாது. கூட்ட வேண்டும் என்றால் எதிர்த்தரப்பு அதற்கென்று தனியாக மேலே வர வேண்டும்.

தண்டனைக் கணக்கு

பழைய கேஸ் உள்ளவனுக்கு அதிகம் லாபம் தரக்கூடியது இந்தக் கணக்குதான், அதிகம் பேர் கவனிக்காததும் இதுதான். ஏற்கெனவே ஒரு வழக்கில் தண்டனை அனுபவிப்பவனுக்கு இன்னொரு வழக்கில் தண்டனை வந்தால், "ஏக காலத்தில்", அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் ஓடட்டும், என்று கோர்ட் எழுதாதவரை, முதலாவது முடிந்த பிறகுதான் இரண்டாவது துவங்கும். நடைமுறைச் சட்டத்தில் பழைய 427, புதிய 467. தீர்ப்பில் அந்த வார்த்தை இல்லை என்றால் மௌனமே தண்டனை. நம் பையனுக்குப் பென்னாகரத்து இரண்டு வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. தீர்ப்பில் ஒன்றும் எழுதவில்லை. ஆக மொத்தம் பன்னிரண்டு.

இக்ராம் என்பவரின் வழக்கு, 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்தது. உத்தரப் பிரதேசம். மின்சாரச் சாமான் திருட்டு, ஒன்பது வழக்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருஷம். ஏக காலம் என்று யாரும் எழுதாததால் பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. உயர் நீதிமன்றமும் கைவிட்டது. உச்ச நீதிமன்றம்தான் ஏக காலத்தில் ஓட உத்தரவிட்டது. வக்கீலிடம் இந்த வழக்கின் பெயரைச் சொல்லுங்கள். மறுபக்கமும் இருக்கிறது: 2021-இல் முகமது ஜாஹித் என்பவரின் போதைப்பொருள் வழக்கில், வேறு வேறு சம்பவம், வேறு வேறு வழக்கு என்றால் ஒன்றன்பின் ஒன்றுதான் பொது விதி என்று அதே நீதிமன்றம் மறுத்தும் இருக்கிறது. அரசு வழக்கறிஞர் அதைத்தான் எடுப்பார்.

ரிமாண்டில் இருந்த நாளைக் கழிப்பது இன்னொன்று. அந்தந்த வழக்கில் காவலில் இருந்த நாள் தண்டனையில் கழியும். ஒரே காலத்தில் இரண்டு வழக்கிலும் ரிமாண்டில் இருந்தால் இரண்டிலும் கழிக்கலாம் என்று 2001-இல் தீர்ப்பு உண்டு. ஆனால் ஒரு வழக்குக்காக உள்ளே இருப்பவனை இன்னொரு வழக்கில் பி.டி. வாரண்ட் (ஜெயிலில் இருந்து கோர்ட்டுக்கு வரவழைக்கும் உத்தரவு) போட்டு முறையாக ரிமாண்ட் செய்திருக்க வேண்டும். அந்தத் தேதியில் இருந்துதான் இரண்டாவது வழக்கின் கணக்கு. சிறையில் கேட்டு இந்தத் தேதிகளை எழுதி வாங்கி வையுங்கள். அபராதம் கட்டாததற்கான தண்டனை எதோடும் ஏக காலத்தில் ஓடாது, மேலே சேரும். ஆகவே கடன் வாங்கியாவது கட்டிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வெளியே எடுப்பது

அப்பீல் முடிய வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை உள்ளேயே இருக்காமல் தண்டனையை நிறுத்தி ஜாமீனில் விடக் கோரும் மனுவை அப்பீலோடு சேர்த்தே போடுவார்கள். மூன்று வருஷத்துக்கு மேற்படாத தண்டனை என்றால், அதுவரை ஜாமீனில் இருந்தவனுக்குத் தண்டித்த கோர்ட்டே நிறுத்தி வைக்கலாம். பழைய கேஸ் உள்ளவன் ஜாமீனில் இருப்பது அபூர்வம் என்பதால் அந்த வழி அநேகமாக அடைத்திருக்கும். பத்து வருஷம், ஆயுள் என்று தண்டிக்கக்கூடிய குற்றத்தில் அரசு வழக்கறிஞருக்கு எழுத்தில் ஆட்சேபம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அவர் எழுதுவது அதே ஆறு வழக்குப் பட்டியல்தான்! நம் நோட்டில் போட்ட ஐந்து பத்திக் கணக்கு இங்கே இன்னொரு முறை வேலை செய்தது. இதுவரை உள்ளே இருந்த நாள், முன்பு ஜாமீனில் இருந்தபோது வாய்தாவுக்கு ஒழுங்காக வந்தானா, அம்மாவைத் தவிர வீட்டில் யாருமில்லை என்பது, இவற்றையும் சேருங்கள். குறிப்பிட்ட கால அளவுத் தண்டனை என்றால் நிறுத்தக் கோரும் மனுவைத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் வக்கீல் எடுப்பார். எங்களுக்கு முதல் மனு தள்ளுபடி. ஒரு வருஷம் கழித்துப் போட்ட இரண்டாவதில் கிடைத்தது.

சென்னைக்கு முந்நூறு கிலோமீட்டர் போய் வராந்தாவில் நிற்பதில் பயன் ஒன்றும் இல்லை. வழக்கின் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி ஈ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுப் பாருங்கள். இறுதி விசாரணைக்கு வந்ததும் வக்கீலுக்குப் போன் போடுங்கள், முந்தின நாளும் போடுங்கள். வக்கீல் வரவில்லை என்பதற்காக மட்டும் குற்ற அப்பீலைத் தள்ளுபடி செய்யக் கூடாது, கட்டைப் படித்துத்தான் முடிக்க வேண்டும் என்று 1996-இல் பானி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் வக்கீல் இல்லாமலே படித்து முடித்துவிடவும் முடியும் என்பதுதான் அதன் இன்னொரு அர்த்தம்.

கடைசியில் 397 போயிற்று. 392 நின்றது, ஐந்து வருஷம், பென்னாகரத்துத் தண்டனையோடு ஏக காலத்தில். தள்ளுபடி ஆகியிருந்தால் தொண்ணூறு நாளுக்குள் உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அனுமதி மனுப் போட்டிருக்க வேண்டும்.

ஒன்று விட்டுவிட்டேன். தண்டனை நிறுத்த உத்தரவு கிடைத்த போது ஷூரிட்டி இரண்டு பேர், வீட்டு வரி ரசீது எல்லாம் கொடுத்து, விடுதலை உத்தரவு சேலம் போய்ச் சேர்ந்தது. அம்மா காலை பஸ்ஸில் போய் ஜெயில் வாசலில் நின்றார். பையன் வரவில்லை. விசாரணையில் இருந்த இரண்டு வழக்கில் ஒன்றில், உள்ளே இருந்த காலத்தில் வாய்தாவுக்கு வரவில்லை என்று பிடிவாரண்டு போட்டு வைத்திருந்தார்கள். ஜெயிலில் இருப்பவன் எப்படி வாய்தாவுக்கு வருவான் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அந்த வாரண்டை ரத்து செய்து, அந்த வழக்கில் தனியாக ஜாமீன் வாங்க இன்னும் பதினொரு நாள் ஆயிற்று. நான் போட்ட நோட்டில் "விசாரணையில்" என்று எழுதியிருந்தேன், வாரண்டு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. ஆறாவது பத்தி ஒன்று போட்டிருக்க வேண்டும். நீங்கள் போடுங்கள்.